விடுமுறைக்கு எந்தப் பொம்மை? வாசகர் கேள்வி-பதில்

விடுமுறை நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடும்: குழந்தைக்கு ஏதாவது வாங்க வேண்டும், அது உபயோகமாகவும் இருக்க வேண்டும், எதை வாங்குவது? இந்த முறை மொத்தப் பக்கத்தையும் அதற்கே கொடுத்துவிட்டேன். ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். அதற்கு மேற்பட்டவர்கள் என்ன வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், வாங்கித் தரும்வரை சொல்லிக்கொண்டும் இருப்பார்கள்.

அக்கா மகளுக்கு ஒன்றரை வயது. கடையில் எந்தப் பெட்டியை எடுத்தாலும் மூளை வளர்ச்சி, கவனம், கைத்திறன் என்று எழுதியிருக்கிறது. எதை நம்பி வாங்குவது?
— ஒரு சித்தி

பெட்டியில் இருக்கும் எழுத்தை நம்பாதீர்கள். பொம்மை உடைந்து தொண்டையில் சிக்குமா, சாயத்தில் ஈயம் இருக்கிறதா என்பதற்கெல்லாம் பல நாடுகளில் சட்டம் இருக்கிறது, சோதனையும் இருக்கிறது. 'அறிவு வளரும்' என்று அட்டையில் அச்சடிப்பதற்கு அப்படி யாரும் முன்கூட்டியே பரீட்சை வைப்பதில்லை. பேபி ஐன்ஸ்டைன் என்று கைக்குழந்தைகளுக்கான வீடியோக்கள் ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்டன. இதைப் பார்த்துக் குழந்தை எதையும் கற்றுக்கொள்வதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்காவில் ஓர் அமைப்பு விடாமல் புகார் சொல்லி, கடைசியில் 2009-ல் டிஸ்னி நிறுவனம், டிவிடியைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் தருகிறோம் என்று அறிவிக்க வேண்டி வந்தது.

அட்டையை விட்டுவிட்டு, இதை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்வாள் என்று மட்டும் யோசியுங்கள். 'பட்டனை அழுத்துவாள், விளக்கு எரியும்' என்பதோடு பதில் முடிந்துவிட்டால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். ஒன்றரை வயதுக்கு நான் முதலில் சொல்வது வடிவப் பெட்டி. மூடியில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று ஓட்டைகள் இருக்குமே, அதுதான். வாங்கிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் சதுரக் கட்டையை வட்ட ஓட்டையில் வைத்துத் தட்டுவாள். போகாது. உள்ளங்கையால் இன்னும் ஓங்கித் தட்டுவாள். அப்புறம் கட்டையை வாயில் வைத்துப் பார்ப்பாள் (அதுவும் ஆராய்ச்சிதான்). அடுத்த தடவை சரியான ஓட்டைக்கு மேலேயே கொண்டுபோவாள், ஆனால் கட்டையின் மூலை கோணலாக நிற்கும். அந்த இடத்தில்தான் பெரியவர்களின் கை பரபரக்கும், லேசாகத் திருப்பிவிட்டால் போதுமே என்று. திருப்பாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அவள் மணிக்கட்டே திரும்பும், கட்டை டொக்கென்று உள்ளே விழும், உடனே நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பதிலாகப் பெட்டியே 'சபாஷ்' என்று கத்தி ஒரு பாட்டும் பாடுகிற மாடலும் கிடைக்கிறது. அது வேண்டாம்.

வடிவப் பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று போகும் கிண்ணங்கள், தள்ளிக்கொண்டு நடக்கும் வண்டி, ஒரு நல்ல பந்து, தடித்த அட்டையில் அச்சடித்த படப் புத்தகம், இவற்றில் எதுவும் சரி.

பேத்திக்குப் பத்து மாதம். பாட்டுப் பாடி, எழுத்து சொல்லி, விளக்கு மின்னும் பொம்மை லேப்டாப் ஒன்றை மருமகள் பார்த்து வைத்திருக்கிறாள். நான் மரக்கட்டையும் புத்தகமும் போதும் என்கிறேன். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். யார் சொல்வது சரி?
— ஒரு தாத்தா

நீங்கள் சொல்வதுதான் ஐயா. ஆனால் இந்தப் பக்கத்தை மடித்துக் கொண்டுபோய் மருமகளிடம் காட்ட வேண்டாம், காரணத்தை மட்டும் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்துப் பார்த்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். 10 முதல் 16 மாதம் வரையுள்ள 26 குழந்தைகள், அவர்களுடைய பெற்றோர். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று வகைப் பொருள்களைக் கொடுத்தார்கள்: குழந்தை லேப்டாப், பேசும் பண்ணை மாதிரியான மின்னணுப் பொம்மைகள் ஒரு வகை, மரப் புதிர், வடிவப் பெட்டி, கட்டைகள் இன்னொரு வகை, அட்டைப் புத்தகங்கள் மூன்றாவது. வீட்டில் நடந்த பேச்சைப் பதிவு செய்து எண்ணிப் பார்த்தார்கள். மின்னணுப் பொம்மையோடு விளையாடும்போதுதான் பெரியவர்கள் மிகக் குறைவாகப் பேசினார்கள், குழந்தை எழுப்பும் சத்தத்துக்குப் பதில் சொல்வதும் குறைந்தது. புத்தகம் கையில் இருந்தபோது பேச்சு அதிகம். கட்டைகள் நடுவில்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பொம்மை பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசக் கூடாது என்ற மரியாதை நமக்குத் தானாகவே வந்துவிடுகிறது. பத்து மாதக் குழந்தைக்கு மொழி வருவது முகத்தைப் பார்த்து, தான் 'பா' என்றால் எதிரில் இருப்பவரும் 'பாவா? எங்கே பா?' என்று திருப்பிச் சொல்வதைக் கேட்டுத்தான். லேப்டாப்புக்கு அவள் சொன்ன 'பா' காதில் விழாது.

கட்டை வாங்கினால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், அவள் உடனே அடுக்க மாட்டாள். நீங்கள் அடுக்க வேண்டும், அவள் தட்டிவிடுவாள், நீங்கள் ஐயோ என்று தலையில் கை வைக்க வேண்டும், மறுபடி அடுக்க வேண்டும். கொஞ்ச நாளைக்கு உங்களுக்கு முழுநேர வேலை இதுதான். ஒன்றின் மேல் ஒன்று வைக்கிற பக்குவம் ஒரு வயதைத் தாண்டி வரும், ஒன்றரை வயதுவாக்கில் மூன்று நான்கு கட்டை நிற்கும்.

லேப்டாப்பை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் சண்டை வேண்டாம். பேட்டரி போடாமல் கொடுங்கள். திறந்து மூடுகிற ஒரு பெட்டியாக அது மோசமில்லை.

'3 வயதுக்கு மேல்' என்று போட்ட ஒரு செட் பார்த்தேன். என் அண்ணன் மகனுக்கு இரண்டு வயதுதான், ஆனால் வயதுக்கு மீறிய கெட்டிக்காரன். வாங்கலாமா?
— ஓர் அத்தை

கூடாது. அந்த 3 என்ற எண்ணுக்கும் கெட்டிக்காரத்தனத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது தொண்டையின் அளவைப் பற்றிய எச்சரிக்கை.

சோதனைக்கூடங்களில் ஒரு சின்ன உருளை வைத்திருப்பார்கள். உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், அடிப்பக்கம் சாய்வாக இருக்கும், ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மில்லிமீட்டர். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் வாயும் தொண்டையும் இருக்கும் அளவை வைத்துச் செய்தது. பொம்மையோ, அதிலிருந்து கழன்று விழும் துண்டோ அதற்குள் முழுசாக அடங்கிவிட்டால் அந்தப் பொம்மை சின்னக் குழந்தைக்கு இல்லை. வட்டத்துக்குள் 0-3 என்று எழுதி, குழந்தை முகத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட படம் பெட்டியில் இருந்தாலும் அர்த்தம் இதேதான். கெட்டிக்காரப் பிள்ளைகள் சொல்லப்போனால் இன்னும் ஆபத்து, எதையும் கழற்றிப் பார்த்துவிடுவார்கள்.

வீட்டில் உருளை இருக்காது. டாய்லெட் பேப்பர் சுருள் தீர்ந்ததும் நடுவில் மிஞ்சும் அட்டைக்குழலை எடுத்துக்கொள்ளுங்கள், அது அந்த உருளையைவிடக் கொஞ்சம் அகலம், அதனால் தப்பு நடந்தாலும் பாதுகாப்பான பக்கத்தில்தான் நடக்கும். குழலுக்குள் போகிற எதுவும் அவன் கைக்கு எட்டக் கூடாது. கண்ணை இழுத்துப் பாருங்கள், சக்கரத்தை இழுத்துப் பாருங்கள். பொம்மையின் கண்ணைத்தான் சொல்கிறேன். இழுத்துச் செல்லும் பொம்மை என்றால் கயிறு 30 செ.மீ.க்கு மேல் நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கழுத்தில் சுற்றும்.

பேட்டரி பொம்மைகளே ஆபத்தா, அல்லது அது வீண் பயமா?
— ஒன்றரை வயது மகனின் அப்பா

ஏஏ மாதிரி பெரிய பேட்டரிகளுக்கு நான் இவ்வளவு பயப்பட மாட்டேன். பட்டன் பேட்டரிக்கு நன்றாகவே பயப்படுங்கள். சிஆர் 2032 என்று ஒரு வகை எங்கும் இருக்கிறது, ரிமோட்டில், விளக்கு எரியும் பொம்மையில், திறந்தால் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையில்கூட. அந்த எண்ணே அதன் அளவுதான்: 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன். சரியாகக் குழந்தையின் உணவுக்குழாயில் மாட்டிக்கொள்கிற அளவு. மாட்டிய இடத்தில் ஈரம் இருப்பதால் மின்சாரம் ஓடி, கடுமையான காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அரிக்கும் ரசாயனம்) உருவாகி, சதையை அரிக்க ஆரம்பிக்கும். இரண்டே மணி நேரத்தில் ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். பொம்மைக்குப் போதாது என்று நாம் கழற்றி மேஜையில் வைத்த பழைய பேட்டரியிலும் அதற்கான மின்சாரம் மிச்சம் இருக்கும்.

ஆகவே பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும், நகத்தால் திறக்கிற மூடி என்றால் அந்தப் பொம்மை வேண்டாம். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரி. அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

இதே வரிசையில் இன்னும் இரண்டு. சின்னச் சின்ன காந்த உருண்டைகள்: இரண்டு உள்ளே போனால் குடலின் இரு மடிப்புகளுக்கு இடையே ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்து, நடுவில் இருப்பதை நசுக்கித் துளைத்துவிடும். தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கும் வண்ண ஜெல் உருண்டைகள்: வயிற்றுக்குள்ளும் ஊதும், எக்ஸ்ரேயில் தெரியவும் தெரியாது. இரண்டையும் 'அறிவியல் செட்', 'தொடு உணர்வு விளையாட்டு' என்ற பெயரில் கல்வி வரிசையிலேயே அடுக்கி வைத்திருப்பார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

பலூன் கொடுக்கலாமா?

ரப்பர் பலூன் எட்டு வயதுக்குள் தனியாகக் கையில் கொடுக்க வேண்டாம். வெடித்த துண்டு மூச்சுக்குழலை அப்படியே ஒட்டி அடைத்துவிடும். பொம்மைகளால் மூச்சடைத்து நேரும் மரணங்களில் பலூனுக்கு முக்கியப் பங்கு உண்டு.

ஒரே ஒரு பொம்மைதான் வாங்க முடியும், அது இரண்டு வயதிலிருந்து பள்ளிக்கூடம் போகும்வரை ஓட வேண்டும். எதைச் சொல்வீர்கள்?
— ஒரு மாமா

மரக்கட்டைகள். வண்ணம் பூசாத, வெறும் மரக்கட்டைகள். அதுவும் ஒன்றுக்கொன்று அளவு பொருந்துகிற செட்.

கேரலைன் பிராட் என்ற அமெரிக்க ஆசிரியை சுமார் நூறு வருடத்துக்கு முன் வடிவமைத்த கட்டைகள் இன்னும் அதே அளவில் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு கட்டையின் தடிமன், அகலம், நீளம் மூன்றும் 1, 2, 4 என்ற விகிதத்தில் இருக்கும். இரண்டு அரைக்கட்டைகள் சேர்ந்தால் ஒரு முழுக்கட்டை, இரண்டு முழுக்கட்டைகள் சேர்ந்தால் ஒரு நீளக்கட்டை. நான்கு வயதுப் பிள்ளை பாலம் கட்டும்போது ஒரு பக்கத் தூணுக்கு முழுக்கட்டை தீர்ந்துபோகும். கொஞ்சம் முறைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு அரைக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மேலே பலகையைப் போடும். ஆடாமல் நிற்கும். பின்னம் என்பதைப் பள்ளியில் யாரோ கரும்பலகையில் எழுதுவதற்குச் சில வருடம் முன்பே அது கைக்குத் தெரிந்துவிட்டது.

கிண்டர்கார்ட்டனை உருவாக்கிய ஜெர்மானியர் ஃபிரெடரிக் ஃபுரூபலும் 1830-களிலேயே பந்தையும் கட்டையையும் வைத்துத்தான் ஆரம்பித்தார். பிற்காலத்தில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட், சின்ன வயதில் விளையாடிய ஃபுரூபல் கட்டைகள் தன் விரல்களிலேயே தங்கிவிட்டன என்று எழுதினார். அதற்காக உங்கள் மருமகன் கட்டடக் கலைஞர் ஆவான் என்று நான் சொல்லவில்லை. இரண்டு வயதில் வரிசையாக ரோடு போடுவான், மூன்றில் கோபுரம், நான்கில் பாலம், ஐந்தில் ஆட்கள் உள்ளே வசிக்கிற வீடு. பொம்மை அதேதான், அவன் வளர வளர விளையாட்டு மாறும். அப்படி ஓடுகிற பொருள் ரொம்பக் கொஞ்சம். ஒரே நிபந்தனை, பத்துப் பன்னிரண்டு கட்டை உள்ள அழகான சின்னப் பெட்டி வாங்காதீர்கள். பாலம் பாதியில் நிற்கும், பிள்ளை எழுந்து போய்விடும். எண்ணிக்கைதான் முக்கியம்.

மகளுக்கு நான்கு வயது. எண்கள் கற்றுத்தர ஏதாவது நல்ல எலக்ட்ரானிக் பொம்மை சொல்லுங்கள்.
— ஓர் அம்மா

பாம்பு ஏணி மாதிரி ஒரு கட்ட விளையாட்டு வாங்குங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2008-ல் இதைக் காட்டினார்கள். ஏழ்மையான வீடுகளிலிருந்து வந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு, 1 முதல் 10 வரை நேர்கோட்டில் கட்டம் போட்ட ஒரு சாதாரண விளையாட்டு. இரண்டு வாரத்தில் நான்கு தடவை, தடவைக்குக் கால் மணி நேரம் போல. எண்களை வாசிப்பது, எது பெரிது என்று சொல்வது, வரிசையாக எண்ணுவது என்று எல்லாவற்றிலும் முன்னேற்றம், அது பல வாரம் கழித்தும் போகவில்லை. அதே விளையாட்டை எண்ணுக்குப் பதில் வண்ணங்கள் போட்டு ஆடிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் இல்லை.

ஆடும் விதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. காய் 5-ல் நிற்கிறது, 2 விழுந்தது என்று வையுங்கள். 'ஒன்று, இரண்டு' என்று நகர்த்தினால் பாதிப் பலன் போய்விடும். 'ஆறு, ஏழு' என்று கட்டத்தில் இருக்கும் எண்ணையே சொல்லி நகர்த்தச் சொல்லுங்கள். முதலில் திணறுவாள், நீங்கள் சேர்ந்து சொல்லுங்கள். 1 முதல் 100 வரை உள்ள பலகை நான்கு வயதுக்கு நீளம், அதுவும் வரிசைக்கு வரிசை திசை வேறு மாறும். ஒரு நீள அட்டையில் 10 கட்டம் நீங்களே போட்டு ஆரம்பித்துவிட்டு, அப்புறம் பெரிய பலகைக்குப் போங்கள். தோற்றால் அழுவாள். அழட்டும், அதுவும் பாடத்தில் சேர்த்திதான். ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்காதீர்கள், நான்கு வயதுக்கு அது நன்றாகப் புரியும்.

'மாண்டிசோரி பொம்மை' என்று போட்டு விலையும் கூடுதலாக இருக்கிறதே, தரமாக இருக்குமா?

அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அது பொதுப்பெயர், யாருக்கும் தனிச் சொந்தமில்லை என்று அமெரிக்காவில் 1967-லேயே முடிவாகிவிட்டது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரில் தொடங்கிய பள்ளிக்காகத் தயாரித்த பொருள்களில் ஒன்றைப் பார்த்தால் போதும், வித்தியாசம் தெரியும். ஒரு மரத்துண்டில் பத்துக் குழிகள், பத்து உருளைகள், ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு குமிழ். ஒவ்வோர் உருளையும் ஒரு குழிக்குத்தான் சரியாக இருக்கும். சின்ன உருளையைப் பெரிய குழியில் போட்டாலும் போகத்தான் செய்யும், ஆனால் கடைசியில் ஒன்று எங்கும் நுழையாமல் கையில் மிஞ்சும். தப்பு என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, பொருளே சொல்லிவிடும், பிள்ளையே எல்லாவற்றையும் எடுத்துத் திருத்தும். கடையில் நீங்கள் பார்க்கும் பொம்மை அப்படிச் செய்கிறதா என்று பாருங்கள். வெளிர் நிறமும் மரமுமாக இருந்துவிட்டால் மாண்டிசோரி ஆகிவிடாது.

மூன்று வயது மகன் சொப்புச் சாமான் கேட்கிறான். அவன் தாத்தா பாட்டி 'பையனுக்கு எதற்கு' என்கிறார்கள்.
— ஓர் அம்மா

வாங்கிக் கொடுங்கள். அடுப்பில் எதுவும் இல்லாமலே கிண்டி, ஊதி, 'சூடு, மெதுவா' என்று உங்கள் கையில் தருகிறான் பாருங்கள், இல்லாத ஒன்றை இருப்பதாக மனசுக்குள் வைத்துக்கொள்வது பெரிய வேலை, அதோடு உங்களுக்கு நாக்கு சுடும் என்று உங்கள் இடத்திலிருந்தும் யோசிக்கிறான். தாத்தா பாட்டியை உட்கார வைத்து அவன் கையாலேயே பரிமாறச் சொல்லுங்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 53 பிள்ளைகளை இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரை வீட்டிலேயே கவனித்தார்கள், 2012-ல் வெளியான ஆய்வு. ஜிக்சா மாதிரி, துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் புதிர்களோடு விளையாடிய பிள்ளைகள், நாலரை வயதில் வடிவங்களை மனசிலேயே திருப்பிப் பொருத்திப் பார்க்கும் சோதனையில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பையன்களும் பெண்களும் புதிரை எடுத்த அளவு ஒன்றுதான், ஆனால் பையன்களுக்குக் கிடைத்த புதிர்கள் கடினமானவை, பெற்றோரும் அவர்களோடு கூடுதலாக ஈடுபட்டிருந்தார்கள். ஆகவே பெண்ணுக்கு வாங்கும்போது சுலபமானதாகப் பார்த்து எடுக்காதீர்கள், வாங்கிய பிறகு பக்கத்தில் உட்காருங்கள், 'மூலை எங்கே இருக்கு, திருப்பிப் பாரு, இது மேலேயா கீழேயா' என்று பேசிக்கொண்டே.

நாம் சொல்வதைக் கேட்டுப் பதில் பேசும் பொம்மைகள் வந்திருக்கின்றன. ஐந்து வயது மகளுக்கு வாங்கினால் பேச்சுத் திறன் வளருமே?

இணையத்தோடு இணையும் பொம்மை என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். 'மை ஃபிரெண்ட் கைலா' என்ற பேசும் பொம்மையை 2017-ல் ஜெர்மனி தடை செய்தது. வீட்டுப் பேச்சை யாருக்கும் தெரியாமல் வெளியே அனுப்பக்கூடிய மறைமுக ஒட்டுக்கேட்புக் கருவி என்று அதை வகைப்படுத்தி, வாங்கியவர்கள் செயலிழக்கச் செய்துவிட வேண்டும் என்று அரசு அமைப்பே சொன்னது. அதற்கு முன் 2015-ல் விடெக் என்ற பெரிய பொம்மை நிறுவனத்தின் கணினிகளுக்குள் யாரோ புகுந்ததில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்கள் வெளியே போயின. ஐந்து வயதுப் பிள்ளை பொம்மையிடம் எல்லாவற்றையும் சொல்லும், அம்மா அப்பா சண்டை போட்டது உட்பட. எங்கே சேமிக்கிறார்கள், அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா என்று பெட்டியில் தேடுங்கள், கிடைக்காது.

பேச்சு வளர வேண்டுமானால் கைப்பாவைகள் வாங்குங்கள். கையில் மாட்டி ஆட்டுகிற துணிப்பாவை, இரண்டு. ஒன்று உங்களுக்கு, ஒன்று அவளுக்கு.

வீட்டில் ஒன்று ஆறு வயது, இன்னொன்று ஒரு வயது. பெரியவனுக்கு லெகோ ஆசை, சின்னவள் எல்லாவற்றையும் வாயில் போடுகிறாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஏதாவது?
— ஒரு பெரியம்மா

டூப்லோ பாருங்கள், லெகோ நிறுவனமே சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்யும் பெரிய பிளாஸ்டிக் கட்டைகள். 1969-லிருந்து வருகிறது, எல்லாப் பக்கத்திலும் லெகோவைப்போல இரண்டு மடங்கு, விழுங்க முடியாத அளவு. சின்னவள் இரண்டு துண்டை எடுத்து மோதிக்கொண்டிருப்பாள், பெரியவன் அதே துண்டுகளில் வீடு கட்டுவான். லெகோ கட்டை டூப்லோவின் மேல் பொருந்தும்படிதான் செய்திருக்கிறார்கள், அதனால் நாளைக்கு லெகோ வாங்கினாலும் இது வீணாகாது. லெகோவை இப்போதே வாங்கியே தீர வேண்டும் என்றால், அது உயரமான மேஜையில் மட்டும்தான், சின்னவள் தூங்கும்போது மட்டும்தான் என்று பரிசோடு சேர்த்து விதியையும் கொடுத்துவிடுங்கள். ஆறு வயதுக்கு அந்தப் பொறுப்பு பிடிக்கும், சில நாளைக்காவது.

எல்லாச் சொந்தக்காரர்களும் கொடுத்து வீடு நிரம்பிவிட்டது. பிள்ளை எதிலும் ஐந்து நிமிடம் நிற்பதில்லை.
— இரண்டு வயது மகளின் அப்பா

முக்கால்வாசியை எடுத்து அலமாரி மேல் வைத்துவிடுங்கள். அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 2018-ல் இப்படித்தான் பார்த்தார்கள்: ஒன்றரை முதல் இரண்டரை வயதுக்குள் இருந்த 36 பிள்ளைகள், ஒரு தடவை அறையில் 4 பொம்மை, இன்னொரு தடவை 16. நான்கு இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் விளையாடினார்கள், ஒரே பொம்மையை விதவிதமாகவும் பயன்படுத்தினார்கள். பதினாறு இருந்தால் ஒன்றைத் தொட்டதும் அடுத்தது கூப்பிடுகிறது.

ஒரு வாரம் பத்து நாள் கழித்து கீழே இருப்பதை மேலே வைத்து, மேலே இருப்பதைக் கீழே இறக்குங்கள். புதுசு வந்த மாதிரிதான் இருக்கும் அவளுக்கு. விடுமுறை நாளில் பத்துப் பரிசு வந்தால் பத்தையும் அன்றே பிரிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அக்கா பிள்ளைகள் விளையாடிய பழைய பொம்மைகளைக் கழுவிக் கொடுக்கலாமா?

தாராளமாக. புத்தகம், கட்டை, புதிர், பெரிய பிளாஸ்டிக் துண்டுகள் எல்லாம் கொடுக்கலாம். புதிரில் துண்டு குறைகிறதா என்று மட்டும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், கடைசித் துண்டு இல்லாத புதிர் பெரியவர்களையே கடுப்பேற்றும். தாத்தா காலத்துச் சாயம் பூசிய பொம்மை என்றால் அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். 2007-லேயே பெரிய பெரிய நிறுவனங்கள் ஈயச் சாயத்துக்காக லட்சக்கணக்கான புதுப் பொம்மைகளைத் திரும்பப் பெற்றன என்றால் அதற்கு முந்தியதைச் சொல்லவே வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டும்படி உள்ளே காந்தம் வைத்த பிளாஸ்டிக் துண்டுகளில் விரிசல் விட்டிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சத்தம் போடும் பொம்மையால் காது கெடுமா?

கெடலாம். வாங்குவதற்கு முன் உங்கள் காதருகே வைத்து ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், நீங்கள் தலையை விலக்கினால் பிள்ளைக்கும் அது வேண்டாம். பிள்ளைகள் பொம்மையைக் கை நீட்டிப் பிடிப்பதில்லை, கன்னத்தோடு வைத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே வந்துவிட்டதா? ஸ்பீக்கர் ஓட்டைகள் மேல் தடித்த டேப்பை இரண்டு சுற்று ஒட்டுங்கள், நன்றாகக் குறையும், ஆனால் டேப் உரிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

தோழி, 'மகனுக்குப் பொம்மையே கொண்டு வராதே, வீட்டில் இடமில்லை' என்று சொல்லிவிட்டாள். அவனுக்கு மூன்றரை வயது. வெறுங்கையோடு போக மனசில்லை.

தீர்ந்துபோகிற பொருளாகக் கொண்டுபோங்கள். தடித்த கிரையான், பெரிய தாள்கள், முனை மழுங்கிய கத்தரிக்கோல், பசை, நிறம் நிறமாகக் காகித டேப் நான்கு சுருள். மூன்றரை வயதில் வட்டம் வரும், கூட்டல் குறி வரத் தொடங்கும், சதுரத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும், அதனால் படம் வரையக் கற்றுத்தரும் புத்தகமோ எழுத்துப் பயிற்சி நோட்டோ சேர்க்க வேண்டாம், வெறும் தாள் போதும். டேப்பைத் தரையில் ஒட்டி ரோடு போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள். சுவரில் ஒட்டலாமா என்பதைத் தோழியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.